உன் அப்பாவின் இடுப்பளவு

அன்பு மகள் அலீசியாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் உயிரோடு இருக்கிறேன், ஆக்லாந்து குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன். ஒரு மாதமாகப் போனில் கேமரா கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய் பாப்பா. என் முகத்தை நீ பார்க்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

போன மாதம் நம் பத்தாங் பெர்ஜுந்தாய் மாதா கோயில் மண்டபத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் உடம்புப் பரிசோதனை வைத்தார்கள். உன் அப்பா பெயரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நித்தியா என்று ஒரு சின்னப் பெண், கிளினிக்கில் வேலை செய்கிறாள், டேப்பை வைத்து இடுப்பை அளந்தாள். நூற்று ஒன்பது சென்டிமீட்டர். உயரம் நூற்று அறுபத்து நாலு. இடுப்பின் சுற்றளவு ஆள் உயரத்தில் பாதிக்கு மேலே போகக்கூடாதாம். அவள் மெதுவாகத்தான், "அங்கிள், ஈரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கலாம், ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்திடுங்க" என்று சொல்லிச் சீட்டு எழுதினாள். பின்னால் வரிசையில் நின்ற செல்வா, அதுதான் தோட்டத்தில் அப்பா செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியை ஓட்டுகிறவர், அவர் காதில் விழுந்துவிட்டது. "என்னா அமலதாஸண்ணே, ஈரல் போச்சா? குடிக்காத மனுசன்னு சொல்லிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊத்துறீங்களா லா?" என்று சத்தமாகச் சிரித்தார். உன் தாத்தா தோட்டத்து லயத்தில் சம்சு சாராயம் குடித்து இரத்த வாந்தி எடுத்துச் செத்தது உனக்குத் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்த மனிதர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. மடக்கு இரும்பு நாற்காலியைத் தூக்கி செல்வாவின் தலையில் அடித்தார். காது பாதி கிழிந்து தொங்கியது. மறுபடி ஓங்கும்போது நித்தியா குறுக்கே வந்தாள், அவளைப் பிடித்துத் தள்ளியதில் மேசை விளிம்பில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பிள்ளை கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அளவு எழுதிய தாள்களின் மேலெல்லாம் இரத்தம்.

போலீஸ் பிடித்துப் போனது. மறுநாள் மத்தியானம் ஜாமீனில் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உன்னை யாருடி என் பேரைக் குடுக்கச் சொன்னது? ஊரு முன்னாடி என்னைக் குடிகாரனாக்கிட்டியே" என்று இடுப்பு பெல்ட்டை உருவினார். பக்கிளால் முகத்தில் அடித்தார். நான் விழுந்த பிறகும் தோளில் மிதித்தார். பக்கத்து வீட்டுத் திலீப் பின்கதவை உடைத்து உள்ளே வந்து அவரை இழுத்துப் போடவில்லை என்றால் இந்தக் கடிதம் வந்திருக்காது. காறை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் வழக்கம்போல் சொன்னேன், என்னை மன்னித்துக்கொள். நீ பதினாறு வயதில் கை வீங்கிப் பள்ளிக்கூடம் போனபோதும் இதையேதான் உன்னையும் சொல்ல வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அவரை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனேன். ஏன் போனாய் என்று கேட்பாய். இத்தனை வருடக் கோபமும் அந்த ஈரலில் இருந்துதான் வந்திருக்குமோ என்று எனக்கு ஒரு ஆசை. அந்தப் பெண் சொன்னது சரிதான், ஈரல் முழுக்கக் கொழுப்பு, இறுகவும் ஆரம்பித்திருக்கிறது. குடிதான் காரணம் என்றில்லை, வயிறும் சீனியும் போதும் என்றார் டாக்டர், நம் தமிழ்ப் பையன். உன் அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! "குடி இல்லேன்னு எழுதிக் குடுங்க டாக்டர், அந்த செல்வா மூஞ்சில கொண்டுபோய் வீசணும்" என்றார். வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் இரத்தம் எடுக்கப் போன நேரத்தில் நான் டாக்டரிடம் கேட்டேன், இவர் கை நீட்டுவது இந்த ஈரலால்தானா, வைத்தியம் செய்தால் அடங்குமா என்று. அவர் என் தோள் கட்டைப் பார்த்தார். "இல்லம்மா. ஈரல் அடிக்காது. கைதான் அடிக்கும்" என்றார்.

அவரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். நித்தியாவையும் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கப் போனவளை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். மாவுக்கட்டுக் கையோடு இடது கையால் என் இடுப்பையும் அளந்தாள். எனக்கும் பாதிக்கு மேல்தான். ஒருநாளும் என்னை யாரும் அளந்ததில்லை பாப்பா. இப்போது கலும்பாங்கில் பிளோரன்ஸ் சின்னம்மா வீட்டில் இருக்கிறேன், காலையில் அவளோடு ஒரு மணி நேரம் நடக்கிறேன், மைலோவும் கண்டன்ஸ் மில்க்கும் விட்டாயிற்று. அப்பா போகவேண்டிய ஆஸ்பத்திரித் தேதிகளை எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் வந்தேன். அவர் உனக்குப் போன் பண்ணி, நோயாளியை விட்டுவிட்டு ஓடிப்போனாள் என்பார். எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம். நான் இருக்கும் இடத்தைக் கேட்டால் மறைக்காமல் சொல், நான் ஒளிந்துகொண்டு இல்லை. திரும்பி வரச் சொல்லி மட்டும் எனக்கு எழுதாதே.

நீயும் உட்கார்ந்த வேலைதான். ஒரு நூலை எடுத்து உன் உயரத்துக்கு அளந்து இரண்டாக மடித்து, தொப்புள் மேல் சுற்றிப் பார். முனை சேரவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போ. ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காப்பாராக. அடுத்த ஞாயிறு கேமராவைப் போட்டே பேசுகிறேன். தழும்பு இருக்கும், பயந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா அகதா
கலும்பாங்