பெயர் வாசிக்கும் நாள்

12-8-85, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கிருமாம்பாக்கம் பஸ் லேட். இலங்கை அகதிகள் தங்கியிருக்கும் நெல் குடோனில் தடுப்பூசி, 31 பேர். பேனா ஒழுகுகிறது, வேறு வாங்கணும்.

சேலை கட்டிப் பிரித்த கடைசித் தடுப்பில் சிவராசா, சுவர் பார்த்துப் படுத்தபடி. வயது முப்பது இருக்கும். அவர் மனைவி தவமணி என் பின்னாலேயே வந்தாள். நர்ஸை 'மிஸி' என்பது அவர்கள் வழக்கம்.

"நாலு நாளா ஒண்டும் சாப்பிடேல்லை மிஸி. நித்திரையும் இல்லை. நான் செத்தால் உங்களுக்கு நிம்மதி எண்டு சொல்லுறார்."

ஜுரம் இல்லை. நாடி சரி. ரிஜிஸ்டரில் 'நலம்' என்று எழுதிவிட்டு வந்தேன். நலமாம். என் கையெழுத்துதான்.

13, செவ்வாய்
எங்கள் ஹெல்த் சென்டர் டாக்டரிடம் சொன்னேன்.
"வேல கெடைச்சா சரியாப் பூடும். நீ போயி சாவறியான்னு கேட்டு வெக்காத. ஐடியா குடுத்த மாதிரி ஆயிடும்."
தலையாட்டிவிட்டு வந்தேன். என்மேலேயே ஆத்திரம்.

14, புதன்
குடோன் வாசலில் முகாம் கிளார்க் மேசை போட்டுப் பெயர் வாசித்தார். எழுந்து 'ஆஜர்' சொல்லாவிட்டால் சுழி. மூன்று சுழி விழுந்தால் ஓடிப்போனவன் என்று பெயரை அடிப்பார்கள், அரிசியும் நிற்கும். சிவராசாவுக்கு ஏற்கெனவே இரண்டு. ஆளோ கூப்பிடு தூரத்தில்.

"உள்ளதான் சார் இருக்காரு. வந்து பாருங்க" என்றேன்.
"நான் ஏம்மா வரணும்? கால் இன்னா ஒடஞ்சா பூட்ச்சி? நடிப்பு."

தவமணி சொன்னாள். அவர்கள் ஊரில் ராணுவம் எல்லோரையும் மைதானத்தில் உட்காரவைத்துப் பெயர் வாசித்ததாம். எழுந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. "எழும்படா, பயமில்லை" என்று தம்பியை எழுப்பிவிட்டது இவரேதானாம்.

கிளார்க் அதையும் காதால் கேட்டார். மூன்றாவது சுழியைப் போட்டார். "ரூல்ஸ்னு ஒண்ணு கீதுல்ல?"
வெந்த புண்ணில் வேல் பாய்ச்சச் சம்பளம் வாங்கும் ஆள்.

15, வியாழன்
லீவு. கொடியேற்றத்துக்குப் போகவில்லை. குடோனுக்குப் போனேன்.
டாக்டர் பேச்சைக் குப்பையில் போட்டுவிட்டுக் கேட்டேன். "அண்ணா, செத்துடலாம்னு தோணுதா?"
சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு, "ஓம். ஒருத்தரும் கேக்கேல்லை."
அழுதார். நானும். ஐடியா நான் கொடுக்கணுமா இவருக்கு?
அவரைத் தனியாக விடுவதில்லை என்று முடிவு. தவமணி, பக்கத்துத் தடுப்புக்காரர், நான். முறை வைத்து.

16, வெள்ளி
'உயிருக்கு ஆபத்து, மனநல டாக்டர் உடனே பார்க்க வேண்டும்' என்று சிவப்பு மையில் எழுதி டாக்டர் முன்னால் நீட்டினேன்.
"யாரக் கேட்டு எழுதின?"
"உங்களுக்குத் தெரியும்னும் எழுதியிருக்கேன் சார்."
கையெழுத்து விழுந்தது. இரக்கம் இல்லை, வேலை போகும் பயம். கிளார்க்கிடமும் அதே தாளைக் காட்டினேன். சுழியை அடித்தார், முணுமுணுத்துக்கொண்டே.

17, சனி
டவுன் ஆஸ்பத்திரி. பெஞ்சில் தவமணி, அவர், நான். பெயரைக் கத்திக் கூப்பிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க எனக்குப் புத்தியில்லை. அட்டெண்டர் கதவைத் திறந்து கத்தினார்.

"சிவராசா. யாருபா சிவராசா?"

அவர் கை பெஞ்சைப் பிடித்துக்கொண்டது.
நான் எழுந்தேன். "நான்தான்."
தவமணியும் எழுந்தாள்.
"இன்னாமா வெளயாடறியா? ஆம்பளப் பேரு இது."
"தெரியும். மூணு பேரும் ஒண்ணாத்தான் வருவோம். நீ கத்தாம நில்லு."