பிள்ளை தூங்குகிற அடி

கனி அப்பாவுக்கு,

இன்று மத்தியானம் மாடி ஹாலைப் பெருக்கும்போது துடைப்பத்தின் பிடி உங்கள் பம்பையில் இடித்துவிட்டது. பச்சைச் சேலையை வெட்டித் தைத்த அதே உறைக்குள்தான் இருக்கிறது, அலமாரிக்குப் பக்கத்தில். உள்ளிருந்து அடங்கின குரலில் ஒரு 'ம்ம்' வந்தது. யாராவது கூப்பிட்டால் நீங்களும் வாயைத் திறக்காமல் அப்படித்தான் 'ம்ம்' என்பீர்கள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். தோல் வாடையும் விபூதி வாடையும் துணியைத் தாண்டி வந்தன. பிள்ளைகள் வர இரண்டு மணி நேரம் இருந்தது.

முதல் ஞாயிறு நினைவிருக்கிறதா? அப்போதெல்லாம் ஜோயல் போனில் பாட்டு ஓடினால்தான் சோற்றுக்கு வாயைத் திறப்பான். கோர்ட்டில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு வந்து அந்தப் போனோடு நான் போட்டி போட வேண்டியிருந்தது. சர்ச்சில் பாடுகிறவள், என் பிள்ளைக்கு என் குரல் பிடிக்கவில்லையே என்று ரோஷம். தடுப்பூசி வரிசையில் நின்ற அம்மாக்களிடம் எல்லாம் சொல்லி வைத்தேன்: "ஞாயிறு மூணு மணிக்கு எங்க வூட்டு மாடிக்கு வாங்க. பிள்ளைங்கள மடியில வெச்சிக்கினு பாடலாம். டீச்சர்லாம் கிடையாது, நாமதான்." எல்லாரும் தலையாட்டினார்கள். வந்தது நீங்கள் ஒருவர், தோளில் ஒன்றரை வயதுக் கனி.

"அம்மாங்கதான் வரணுமா? இவ அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனில கீது. நான் வந்தா தப்பா?" என்று கேட்டீர்கள். வாங்க என்று சொல்வதற்கு முன்னால், உங்களுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். அதை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, நீங்களும் திரும்பிப் படியைப் பார்த்து, "யாரையும் காணோமுங்க" என்று சிரித்தீர்கள்.

அன்றைக்கு நான் தாளம் தப்பாமல் பாடினேன், ஜோயல் கொட்டாவி விட்டான். நீங்கள் கனியை முழங்காலில் வைத்து, பஸ் ஸ்டாண்டில் கூவுகிற மாதிரியே ஆரம்பித்தீர்கள். "கச்சிராபாளையம் கரியாலூர், ஏறு ஏறு ஏறு!" ஏறு என்னும்போது முழங்கால் எகிறும். மலை ஏற ஏற மெதுவாகும். கடைசியில் பிரேக். ஜோயல் என் மடியிலிருந்து நழுவி உங்களிடம் தவழ்ந்து போய்விட்டான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அந்த ஒரு பாட்டுக்காகவே மூன்றே மாதத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். பாட்டிலில் சாமையைப் போட்டுக் குலுக்கினோம், கரண்டியால் டம்ளரைத் தட்டினோம். பேங்க்கில் வேலை பார்க்கும் இரண்டு அம்மாக்கள்கூட ஸ்கூட்டியில் வந்தார்கள். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; நித்தின் அம்மா, ஜோயல் அம்மா, கனி அப்பா. லோடு ஏற்றுகிறவர், பேங்க்காரர் என்ற பேச்சே மாடிப்படியில் ஏறாது என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த ஆடி ஞாயிறு. ரிஷிவந்தியம் பக்கம் கோயில் வேலை முடித்து, இடுப்பில் கட்டிய பம்பையோடு நேராக வந்தீர்கள். கனியை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள், வந்ததும் அவளுக்காக ஒரு அடி அடித்தீர்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நீங்களும் ஒரு வேகத்தில் போய்விட்டீர்கள். நித்தின் அம்மா பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தார். கொண்டை அவிழ்ந்தது. சாமி வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அதற்கு முன் யாருக்கும் சாமி வந்ததில்லை. பரிசுத்த ஆவிக்கே நாங்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காத குடும்பம். பாதிப் பிள்ளைகள் அழுதார்கள், கனி கை தட்டினாள். சத்தம் கேட்டு அத்தை மேலே வந்தார். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. என் மாமியார் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தால் நித்தின் அம்மாவுக்கு விசிறிவிட்டு, தண்ணீர் கொடுத்து, எல்லாருக்கும் காப்பி போட்டார்.

அடுத்த ஞாயிறு கேட்டிலேயே உங்களை நிறுத்தினேன். "இனிமே பம்பை வேணாம் கனி அப்பா. அத்தைக்குப் புடிக்கல."

"சாமி வர்ற அடி வேறங்க, புள்ள தூங்குற அடி வேற. அன்னிக்குக் கோயில் சூட்டுலயே வந்து அடிச்சிட்டேன். இதுலயே மெத்துனு ஒண்ணு கீது. ஒரு வாட்டி கேட்டுப் பாருங்களேன்."

"இல்ல, வேணாம்."

"சரிங்க."

அத்தை அப்படிச் சொல்லவே இல்லை, கனி அப்பா. அந்த வாரம் பேங்க் அம்மாக்கள் இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள், திரும்ப நாம் இரண்டு பேர்தான் என்று பயந்தேன். அதோடு, கேட்கிறவர்களிடம் 'கிளாஸ் நடத்துகிறேன்' என்று சொல்ல ஆசையாக இருந்தது. அந்தச் சொல்லுக்குள் பம்பை பொருந்தவில்லை. அதை என் வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு பெரியவங்க பெயரைப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தீர்கள், வெறுங்கையோடு. செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிடுவீர்கள். அத்தை எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொள்வீர்கள். "அந்தத் தம்பி ஏன் என்னப் பாத்தா ஒதுங்குறாரு?" என்று அத்தையே கேட்டார். "கூச்சம் ஜாஸ்தி அத்தை" என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். பேங்க் அம்மாக்கள் எப்போதோ திரும்ப வந்துவிட்டார்கள். நித்தின் அம்மாவே ஒருநாள், "அவரு பம்பை எங்க, எடுத்தாறவே மாட்டேன்றாரு?" என்றார். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். தை மாதத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி மலைத் திருப்பத்தில் கவிழ்ந்தது. மேலே உட்கார்ந்து வந்தது நீங்கள்.

கனியைக் கூட்டிக்கொண்டு கனி அம்மா தன் அம்மா வீட்டுக்கு, கரியாலூருக்குப் போய்விட்டார். போன மாதம் ஜோயலோடு அங்கே போனேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "கச்சிராபாளையம் கரியாலூர், ஏறு ஏறு!" என்றதும் ஜோயல் ஏறாமல் நின்று குதித்தான். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மலை அடிவாரம் வரைக்கும் அழுதேன்.

கனி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு முறத்திலிருந்த சாமையைப் புடைத்தபடியே சொன்னார்: "அவருக்குத் தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"உங்க அத்தை அன்னிக்கே காப்பி குடுத்து, 'நல்லா அடிக்கிற தம்பி, அடுத்த வாரமும் எடுத்துட்டு வா'ன்னு சொன்னாங்களாம். போன்ல சொல்லிச் சிரிச்சாரு. 'அந்தம்மா பொய் சொல்லுது, பாவம். கிளாஸு நின்னுடுமோன்னு பயப்படுது. நின்னுட்டா கனி எங்க போவா?'ன்னாரு."

"அப்புறம் ஏன் அத்தையப் பாத்தா ஒதுங்கினாரு?"

"பேசினா உங்க பொய் வெளிய வந்துடும்ல?"

ஆறு மாதம், கனி அப்பா! ஆறு மாதம் என் பொய்யை நீங்கள் சுவரோரம் நின்று காப்பாற்றியிருக்கிறீர்கள்.

திரும்பி வருவதற்கு முன் ஜோயல் தூக்கக் கலக்கத்தில் சிணுங்கினான். கனி பெரிய மனுஷி மாதிரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முதுகில் தட்ட ஆரம்பித்தாள். உள்ளங்கையால் ஒன்று, விரல் நுனியால் இரண்டு, அப்புறம் ஒரு இடைவெளி. மூச்சு விடுகிற அளவு. திரும்ப ஒன்று. "அவ அப்பா தட்றதுதாங்க, பம்பையிலயும் இதான் வாசிப்பாரு" என்றார் கனி அம்மா. ஜோயல் தூங்கிவிட்டான். "இங்க யாரு அடிக்கப் போறா, நீங்க எடுத்துக்கினு போங்க" என்று பம்பையையும் என் கையில் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். அத்தை ஒன்றும் திட்டவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள், பம்பை வைக்க அலமாரிப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

இன்றைக்கு மூன்று மணிக்கு எல்லாரும் வந்தார்கள். நித்தினுக்குத் தங்கை பிறந்திருக்கிறாள், இரண்டு மாதம். முதல்முறையாகக் கொண்டுவந்தார்கள், வீரிட்டு அழுதாள். தோளில் வாங்கிக்கொண்டு தட்டினேன். உள்ளங்கையால் ஒன்று, விரலால் இரண்டு, ஒரு மூச்சு. நாலாவது சுற்றில் தலை என் கழுத்தில் சாய்ந்தது. "இன்னா வித்தை இது ஜோயலம்மா, எங்க கத்துக்கினீங்க?" என்றார் நித்தின் அம்மா. "கனி அப்பா தட்டுற அடி" என்றேன். மற்ற அம்மாக்களும் தங்கள் பிள்ளைகளின் முதுகில் தட்டிப் பார்த்தார்கள். ஹால் முழுக்க அந்தச் சத்தம்தான்.

இந்த அடி இனி என் கையைவிட்டுப் போகாது. பம்பையில் அது எப்படிக் கேட்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. ஒரு வாட்டி கேட்டுப் பாருங்களேன் என்று நீங்கள் சொன்னீர்கள்.

இப்படிக்கு,
ஜோயல் அம்மா