உன் கையால் போட்ட போர்டு

காரிமங்கலம்,
12-8-1974

என் கண்ணான மகன் ஹயாத்துக்கு அம்மாவின் சலாம்.

உன் தங்கை அமீனாவின் மகள் ஐந்தாவது பாஸ். என் படிப்பை எட்டிப் பிடித்துவிட்டாள், இனி என்னை மிரட்டுவாள்! உன் தம்பி சுபானின் மகன் பி.யு.சி.யில் பர்ஸ்ட் கிளாஸ். நம்ம வூட்டுப் பிள்ளைகளைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு.

நீ கோபித்துக்கொண்டு போகுமுன் உன் கையால் போட்டாயே பியூஸ் போர்டு, அது போன மாசம் எரிந்துவிட்டது. புதுசு மாட்ட வந்த ஒயர்மேன், "பியூஸ்ல இவ்வளவு கெட்டிக் கம்பியை யாருங்க முறுக்குனது? பியூஸ் போயிருந்தா போர்டு எரிஞ்சிருக்காதே" என்றார்.

உன்னைப் பெற்ற அத்தாதான். உன் பேரையே எடுக்காத மனுஷன், உன் போர்டில் வேறொருத்தன் கை படக்கூடாதென்று, பியூஸ் போனால் தானே கம்பி சுற்றுவார். "ஆளைக் கூப்பிடுங்க" என்றால், "அவன் போட்டது நான் சாகுற வரைக்கும் தாங்கும், சும்மா இருடி" என்பார்.

புகை வந்ததும் அவரேதான் பியூஸ் கட்டையைப் பிடுங்கப் போனார். முகத்துக்கு நேரே பளீரென்று வெடித்தது. கைக் கொப்புளம் ஆறிவிட்டது. கண்ணைப் பற்றி டாக்டர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று சுவிட்ச் சத்தம் கேட்டு, "லைட் எரியுதா? ஹயாத் வந்தா சரி பண்ணினான்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை உன் பேர்.

ஒவ்வொரு கடிதத்திலும் புதுப் போட்டோ அனுப்பு என்று கேட்பேனே, இனிக் கேட்க மாட்டேன். அவர் தடவிப் பார்த்தால் அது வெறும் காகிதம்தான். உன் முகத்தைக் கொண்டு வா, மகனே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா