எதிர்மனுதாரர்

பிப்ரவரி 9

எஜமானி அம்மாளுக்கு,

நலம். நீயும் நலம்தானே என்று எழுதினால், “யார் சொன்னது?” என்பாய். அதனால் கேட்டே விடுகிறேன். கால் வீக்கம் குறைந்ததா? நின்றுகொண்டே செய்கிற வேலைக்கு அந்தச் செருப்பு உதவாது என்று அப்போதே சொன்னேன்.

இங்கே கடைசி வருடம் என்பதால் படிப்போடு சேர்த்துக் கல்லூரியின் இலவச சட்ட உதவி மையத்திலும் உட்கார வைத்துவிட்டார்கள். மையம் என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்யாதே. நூலகத்தை ஒட்டி உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை. நாலு மேசை, ஒரு பீரோ, சுழலாத மின்விசிறி. வாடகைத் தகராறு, சம்பள பாக்கி, கணவன் மனைவி பிரிவு, எல்லாம் வருகிறது. நாங்கள் கேட்டு எழுதுவோம், பொறுப்பாசிரியை மேடம் படித்துத் திருத்துவார், பிறகுதான் மனு. காசு கிடையாது.

வகுப்பில் எல்லாரும் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அச்சகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன் நாற்பது வயதில் சட்டம் படிக்க வந்தால் வேறு என்ன சொல்வார்கள்? வருகிறவர்கள் நேராக என் மேசைக்குத்தான் வருகிறார்கள். “நான் இன்னும் ஸ்டூடன்ட்தாங்க, மேடத்தக் கேட்டுத்தான் சொல்ல முடியும்” என்று சொன்னால், ஒருவர் என் தலையையே பார்த்துவிட்டு, “நரைச்சுப் போயும் பாஸாகலையா சார்?” என்றார். அறையே சிரித்தது.

நேற்று ஓர் அம்மா ஒன்றரை மணி நேரம் பேசினார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை நான். “முதல்ல முழுசாப் பேச விடுங்க” என்பது மேடத்தின் முதல் பாடம். போகும்போது அந்த அம்மா, “மனசு லேசாயிடுச்சுப்பா” என்றார். வீட்டுக்கு நடந்தே வந்தேன். களைப்பு தெரியவில்லை.

உன்
வக்கீல் (ஆகப் போகிறவன்)

பிப்ரவரி 26

வக்கீல் ஐயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கால் அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் அறுவை அறையிலிருந்து வரும் கத்தியையும் இடுக்கியையும் கழுவி, ஆவியில் வேகவைத்து, தட்டில் அடுக்கி அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். செருப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறீர்கள். மாற்ற வேண்டியது செருப்பை இல்லை.

அந்த அம்மா ஒன்றரை மணி நேரம் பேசினார்களாம், நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களாம். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. போன மாதம் நான் போனில் பேசியபோது நீங்கள் “ம்… ம்…” என்றீர்கள், நடுவில் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. அதனால்தான் கடிதமே எழுதலாம் என்றேன். படிக்கும்போதாவது என்னைத் தவிர வேறு எதையும் புரட்ட முடியாது இல்லையா? ஊருக்குத்தான் உபதேசம்!

சும்மா சொன்னேன், கோபப்படாதீர்கள்.

விடுதி அறையில் நாங்கள் நாலு பேர். ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி படுக்கிறாள். விளக்கைப் போட முடியாது, கதவைச் சாத்த முடியாது, அழவும் முடியாது. ஜூனில் உங்கள் பரீட்சை முடிகிறது. “அப்புறம் நீ வந்துடு, நான் சம்பாதிக்கிறேன், நீ உக்காந்து சாப்பிடு” என்று ரயிலேற்றும்போது சொன்னீர்கள். அதை நம்பி மேற்பார்வை அம்மாவிடம் ஜூலையோடு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். “குடுத்து வச்சவ” என்றாள். ஆமாம் என்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
எஜமானி

மார்ச் 20

எஜமானி அம்மாளுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

கல்லூரிப் பலகையில் ஓர் அறிவிப்பு வந்தது. தொலைவில் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில், வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்காக வேலை செய்ய இரண்டு வருடப் பணி. புதிதாகப் படிப்பை முடிப்பவர்களில் நாடு முழுக்கப் பத்துப் பேரைத்தான் எடுப்பார்கள். என் வயதுக்குக் கிடைக்காது என்று நினைத்துத்தான் விண்ணப்பம் போட்டேன். கிடைத்துவிட்டது! மேடம் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தருகிற பணம் ஒரு ஆளின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சரியாக இருக்கும். இரண்டு பேருக்குப் போதாது. இரண்டே வருடம்தான். அது முடிந்தால் எந்த ஊரிலும் தலை நிமிர்ந்து தொழில் நடத்தலாம். உன் மேற்பார்வை அம்மாவிடம் இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறாயா?

உன்னைக் கேட்காமல் போட்டது தப்புதான். திட்டி எழுது. ஆனால் எழுது.

உன்
வக்கீல்

ஏப்ரல் 11

என்னங்க,

பேசிப் பார்த்தேன். “போறேன்னு சொல்லிட்டு இப்ப என்ன?” என்றாள். எல்லார் முன்னாலும் கெஞ்சினேன். வைத்துக்கொள்கிறேன் என்றாள், இரவு வேலைக்கு.

வாழ்த்துகள். இது சத்தியமாக மனதாரச் சொல்வது. நீங்கள் கெட்டிக்காரர் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதானே படிக்கப் பணம் அனுப்பினேன்.

எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று அம்மா சொல்லுவாள். அதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வருடமாகக் காய்ந்தாகிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் என்னால் ஆகாது.

உங்கள் அறையில் பிரிகிறவர்களுக்கு மனு எழுதித் தருகிறீர்களே, எனக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள். காசு கிடையாது என்றும் நீங்களே எழுதியிருந்தீர்கள். கோபத்தில் கேட்கவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

நான்

மே 2

எஜமானி,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பிறகு மேடத்திடம் காட்டினேன். வேறு யாரிடம் காட்டுவேன்?

“இத நீங்க தொடவே கூடாது” என்றார். மனுதாரர் நீ, எதிர்மனுதாரர் நான். எதிராளியே மனு எழுதினால் அது மனுவா? நீ வேறு மையத்துக்குப் போகலாம், இல்லையென்றால் நான் இந்த மையத்தை விட்டு விலகலாம், இரண்டில் ஒன்று என்றார். இரவு வேலை பார்த்துவிட்டு யாரைத் தேடி நீ அலைவாய்? நானே விலகிவிட்டேன். பீரோ சாவி என்னிடம்தான் இருந்தது, அதையும் கொடுத்துவிட்டேன்.

நான் விலகியதும் உன் மனுவை எடுத்துக்கொண்டு உன்னிடம் போனில் பேசியவள் எங்கள் வகுப்பு வாயாடி. வாய் ஓயாதவள், உன்னோடு பேசிய நாளிலிருந்து என்னைக் கண்டால் ஊமையாகிவிடுகிறாள். வெட்கத்தை விட்டுக் கேட்டேன், “ஒரு வார்த்த சொல்லும்மா, அழுதாளா?” “வேணாம் சித்தப்பா. கேக்காதீங்க, என்னால சொல்ல முடியாது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் செய்ததுதான் சரி. நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், வருகிறவர் பேசியது அறையைத் தாண்டக் கூடாது என்று. என் மனைவி என்ன சொன்னாள் என்று ஊரில் ஒருத்திக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அந்தப் பணி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பழைய அச்சகத்தில் கணக்குக்கு ஆள் கேட்கிறார்கள். நீ ஜூலையில் வந்துவிடு. வா.

நான்

மே 23

என்னங்க,

அந்தப் பெண் நல்ல பெண். எடுத்த எடுப்பில், “அக்கா, சாப்ட்டீங்களா?” என்றாள். அதற்குத்தான் அழுதேன். நீங்கள் அவளைக் கேட்டிருக்க வேண்டாம், என்னைக் கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

“குடிப்பாரா?” இல்லை. “கை நீட்டுவாரா?” சேச்சே. “வேற யாராவது?” அவருக்குப் புத்தகத்தைப் பார்க்கவே நேரம் போதாது என்றேன், சிரித்துவிட்டாள். “பின்ன ஏன்க்கா?” என்றாள். “களைச்சுப் போச்சும்மா” என்றேன். அதைச் சட்டம் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதாம்.

உங்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அந்தப் பணியை விடாதீர்கள். அச்சகத்துக் கணக்குக்குப் போய் உட்கார்ந்தால் தினமும் சாயங்காலம் என் முகத்தைப் பார்ப்பீர்கள், வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டீர்கள். எனக்குப் புரியும். அதையும் சுமக்க என்னால் முடியாது. உங்களைத் தேடி வருகிறவர்கள் பாவம், அவர்களுக்கு நீங்கள் வேண்டும். நான் ஜூலையில் வருகிறேன், அக்கா வீட்டுக்கு. அவளிடம் பேசிவிட்டேன்.

காரணம் இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது என்று அந்தப் பெண் நேற்றுச் சொன்னாள். இருவரும் சேர்ந்து மனுப் போட்டால் யாரும் யார்மேலும் குற்றம் சொல்ல வேண்டியதில்லையாம். எதிர்மனுதாரர் என்று ஒருத்தரே கிடையாதாம், இரண்டு பேரும் மனுதாரர்களாம். கல்யாணம் ஆனதிலிருந்து நாம் இருவரும் சேர்ந்து ஒன்றைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

காகிதம் அடுத்த வாரம் வரும். சேர்ந்து கேட்போம்.

இப்படிக்கு,
முதல் மனுதாரர்