குல்லாவைக் கேட்டது நான்தான்

என் அருமை சரோஜாக்கா,

நீங்கள் போய் மூன்று வருடமாகப் போகிறது. இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன கடிதம் என்று வேறு யாராக இருந்தாலும் கேட்பார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள். "வந்துட்டியா, சாப்டியா" என்பதைத் தாண்டி நீங்கள் யாரிடம் எதைக் கேட்டீர்கள்? எனக்குத்தான் வாய் நீளம். தெருக்குழாயில் என் குடத்தைப் பின்னால் தள்ளினவளை விட்டதில்லை, ரேஷன் கடைக்காரரையும் விட்டதில்லை. அந்த வாய் உங்கள் விஷயத்தில் ஒரு பொய் சொன்னது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். திருக்கழுக்குன்றத்து வீட்டில் இப்போது நாங்கள் மூன்று பேர்தான். என் மகள் திவ்யா ஆறாவது போகிறாள். இவர் கல்பாக்கம் கேன்டீனில் அதே கான்ட்ராக்ட் வேலை. நம் அத்தைதான் உங்களுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டாரே. இவருடைய அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், மாமா, மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். ஒண்டியாக அங்கேயே தங்கிக்கொண்டார், வீட்டுக்கு வருவது குறைவு. நீங்கள் பின்னின அடித்துணிகள் இன்னும் அடுப்படியில் இருக்கின்றன. இன்று காலையில்கூடக் குழம்புச் சட்டியை அதன் மேல்தான் இறக்கி வைத்தேன்.

என்ன கை உங்களுக்கு! மாமா அப்போது செங்கல்பட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். மெஷின் துடைக்க அங்கே மூட்டை மூட்டையாக வேஸ்ட் நூல் வரும். மில்லில் மிச்சமான பருத்தி நூல், ஒரே சிக்கு. எண்ணெய் படாததாகப் பார்த்து ஒரு பிடி சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருவார். நீங்கள் அதை சோடா உப்புப் போட்டு வேகவைத்து, கொடியில் காயப்போட்டு, மத்தியானமெல்லாம் உட்கார்ந்து சிக்கெடுப்பீர்கள். ஒரு முழம், அரை முழம் துண்டுகளாக வரும். முடிச்சுப் போட்டுப் போட்டு உருண்டையாகச் சுற்றி வைப்பீர்கள். ஊசி வாங்கினதே இல்லை. சைக்கிள் கம்பி இரண்டு, முனையைக் கல்லில் தேய்த்தது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் ஒரு வடநாட்டு அம்மா வீட்டில் வேலை செய்தபோது கற்றுக்கொண்ட பின்னல் அது. அந்த அம்மா கம்பளியில் பின்னுவாராம். "வேர்த்து ஊத்தற ஊர்ல கம்பளிய யாரு போடுவா" என்று சிரித்துக்கொண்டு நீங்கள் பருத்தியில் பின்னினீர்கள். பிடிதுணி, சோப்புத் துண்டு போட்டுத் தேய்க்க ஒரு பை, மாமாவுக்குப் பனிக்குல்லா, இவருக்குக் கழுத்தில் சுற்ற மப்ளர். எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு தடவை நானும் பின்னுகிறேன் என்று உட்கார்ந்து, பத்து வரிசையில் எருமை மென்ற துணி மாதிரி ஒன்றைப் பண்ணினேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

தொண்ணூற்று மூன்றில் எனக்கு எட்டாம் மாதம். மார்கழியில் பிறக்கும் என்றார்கள். குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று புதிதாக எதுவும் வாங்கவோ தைக்கவோ கூடாது, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைப்பதோடு சரி. இது தெரியாதவளா நான்? தெரிந்துதான் கேட்டேன். அத்தை கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து.

"அக்கா, எம்புள்ளைக்கு ஒரு குல்லா பின்னிக் குடுங்களேன்."

"பொறக்கட்டும் வனஜா. பொறந்த அன்னிக்கே பின்னிர்றேன்."

"அதுவரைக்கும் பனி காத்துகினு இருக்குமா? யாருக்கும் தெரியாம பின்னுங்க. அப்புறமா பின்னுனதுன்னு சொல்லிக்கலாம்."

"வாணாம்மா. அத்தைக்குத் தெரிஞ்சா பேஜாரு."

மூன்று தடவை மறுத்தீர்கள். நான்காவது தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எம்புள்ளைக்குச் செய்ய உங்களுக்கு மனசு வரல, வுடுங்க" என்றேன். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை இல்லாதவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? மறுநாளே நீங்கள் கம்பியை எடுத்துவிட்டீர்கள். இருக்கிற நூலிலேயே வெள்ளையாகப் பொறுக்கி எடுத்து, தட்டையாகப் பின்னி, மடித்து ஓரம் தைத்தீர்கள். பிஞ்சுத் தலையில் உறுத்தக் கூடாதென்று முடிச்சு அத்தனையையும் வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தீர்கள்.

பையன். மூன்றே நாள் இருந்தான். இதயத்தில் பிறவியிலேயே ஓட்டை என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். யார் காதில் ஏறியது? வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்தக் குல்லாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது எப்ப பின்னுனது?" மூன்று நாளும் நீங்கள் ஆஸ்பத்திரியில் என் கூடவே இருந்தீர்கள், பின்னுவதற்கு ஏது நேரம்? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "அக்காதான் முன்னாடியே பின்னி வெச்சிருந்தாங்க. நான் வாணான்னுதான் சொன்னேன்."

நீங்கள் கஞ்சிப் பாத்திரத்தோடு வாசற்படியில் நின்றிருந்தீர்கள். "வயிறு தொறக்காதவ கையால முன்னாடியே பின்னி வெச்சா வெளங்குமா? எம் பேரனத் தூக்கிக் குடுத்துட்டியேடி பாவி!" என்று அத்தை கத்தினார். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டீர்கள்.

பயம், அக்கா. நான் கேட்டதால்தான் குழந்தை போய்விட்டது என்று நானே நம்பினேன். அதை என் தலையில் வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், உங்கள் தலையில் வைத்துவிட்டேன். அப்புறம் என்றைக்காவது எடுத்தேனா? இல்லை.

அதற்கப்புறம் உடம்பில் போடுகிற எதையும் நீங்கள் பின்னவே இல்லை. வெறும் சதுரங்கள்தான். அடித்துணி, பிடிதுணி, கரித்துணி. திவ்யா பிறந்து தொட்டில் போட்டபோது நீங்கள் அடுப்படியை விட்டு வரவில்லை. ஒரு நாள்கூட அவளைத் தூக்கியதில்லை. "கை ஈரமா கீதும்மா" என்பீர்கள். ஐந்து வயதில் அவள் உங்கள் புடவையைப் பிடித்து இழுத்து, "பெரிம்மா, பொம்மைக்கு ஒரு சட்டை பின்னிக் குடு" என்று அழுதாள். "எனக்குச் சதுரம்தான் கண்ணு வரும்" என்றீர்கள். பக்கத்தில் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டேதான் இருந்தேன்.

காய்ச்சல் என்று படுத்தீர்கள், ஒரு வாரம். கடைசி மூன்று நாள் நான்தான் தண்ணீர் புகட்டினேன். சொல்லிவிடலாம் என்று எத்தனை தடவை குனிந்தேன் தெரியுமா? "சரியாப்பூடும்க்கா" என்று அதையும் பொய்யாகத்தான் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனேன். மாமாவிடமாவது சொல்லிவிட வேண்டும், உங்கள் பெயரையாவது கழுவிவிட வேண்டும் என்றுதான். லாட்ஜுக்கு எதிரே சிற்பப் பட்டறை, உளிச் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. "இன்னாமா, இம்மாந்தூரம்?" என்று கேட்டுவிட்டு மாமா டீ வாங்கிக் கொடுத்தார். நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். கேட்டது நான், மறுத்தது நீங்கள், பொய் சொன்னது நான்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

"அப்ப நீ கேட்டுத்தான் பின்னுனாளா?"

"ஆமா மாமா."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சொன்னாம்மா. திவ்யாவுக்குத் தொட்டில் போட்ட அன்னிக்கு, நீ கிட்ட போவாதடின்னு நாந்தான் அவளத் தடுத்தேன். அப்ப சொன்னா, 'நானா பின்னல, வனஜாதான் கேட்டுது'ன்னு. புள்ளயப் பறிகுடுத்தவ மேலயே பழி போடறியாடின்னு கைநீட்டிட்டேன். ஒரே ஒரு தடவதான் சொன்னா. அப்புறம் சொல்லவே இல்ல."

நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அக்காவுக்கு என்ன பெரிய மனசு என்று உள்ளுக்குள் நானே ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன், பாவி. நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அடி வாங்கியிருக்கிறீர்கள். அன்று தொட்டிலைச் சுற்றி நின்று நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம்.

ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. மாமா எழுந்து போய் கேட்டைத் திறந்தார். திரும்பி வந்து, "நீ கெளம்பும்மா, பஸ்ஸு வந்துடும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து போன் பண்ணினாலும் எடுப்பதில்லை. உங்கள் பெயரைக் கழுவப் போய் அந்த மனுஷன் தலையில் ஒரு கல்லை ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் உங்களுக்குப் படையல். சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். இலை போடுவதற்கு முன்னால், திவ்யாவையும் உட்கார வைத்துக்கொண்டு சொல்லப் போகிறேன். "செத்தவங்க கதைய இப்ப எதுக்குக் கிளர்ற" என்கிறார் இவர். யார் தடுத்தாலும் சொல்வேன். அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். வாங்கின அடி வாங்கினதுதான். மன்னிப்பும் கேட்கவில்லை அக்கா, கொடுக்க நீங்கள் இல்லை. நீங்கள் அன்று சொன்னது உண்மை என்று மட்டும் எல்லார் எதிரிலும் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் ஓரகத்தி,
வனஜா