துணைக்கு உட்கார்ந்த நாள்

அம்மாவுக்கு வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா?

என் வேலையைப் பற்றிக் கேட்டாயே. இந்த மாநிலத்தில் லாபம் பார்க்காத அமைப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை நிஜமாகவே இயங்குகின்றனவா என்று அரசாங்கத்துக்காக நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்று பத்து மாடி ஆஸ்பத்திரி நடத்துகிறது. இன்னொன்று காணாமல் போன நாய்களைத் தேடுகிறது.

போன வாரம் பார்த்தது ஒற்றை அறைச் சங்கம். யாருமில்லாமல் சாகக் கிடப்பவர்களுக்குத் துணையாக உட்காருவதுதான் அவர்கள் வேலை. அங்கிருந்த பெண்மணி, "இன்னிக்கு வரவேண்டியவங்க வரலம்மா. நீங்க கொஞ்சம் உக்காருவீங்களா?" என்றார். சரி என்று போனேன்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து, "வந்துட்டியாடி?" என்றார்.

"வந்துட்டேம்மா" என்றேன்.

சாயங்காலம் அமைதியாக உயிர் பிரிந்தது. சங்கம் நன்றாக இயங்குகிறது என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் எழுத அங்கே இடமில்லை.

கவலைப்படாதே, வேளைக்குச் சாப்பிடுகிறேன். குளிர்தான் அதிகம். நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்பிவை. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். போர்வையைத் துவைத்துவிடாதே அம்மா, அப்படியே கட்டி அனுப்பு.

உன் மகள்