பாட்டு பேச்சில் சேராது

மதினி,

இந்த வருஷம் முளைப்பாரி ஓடுகளை எங்கள் வீட்டு உள்ளறையில் வைத்திருக்கிறார்கள். மருமகள் தண்ணீர் தெளிக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரச் சாணமும் முளைவிட்ட பயறும் கலந்த வாடை கூடம் வரைக்கும் வருகிறது. தாலி அறுத்தவள் என்பதால் நான் நிலைப்படியோடு சரி. அங்கே நின்று எட்டிப் பார்த்தேன். வெயில் காணாத பயிர், வெளுத்த மஞ்சளாய், ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. என் வலது கை தானாக விரிந்தது. தட்டுவதற்கு எதிர்க்கை இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் ஒரே தெருவில் பாவாடை கட்டிய பிள்ளைகள். நீ என் அண்ணனைக் கட்டிய பிறகுதான் மதினி. கும்மியில் நான் அடி எடுத்துக்கொடுக்க, நீ பதில் அடி பாடுவாய். என் குரல் பரவாயில்லை, உன் குரல்தான் குரல். குன்றாண்டார்கோவில் சந்தைக்கு வருகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். "ஏ நாத்துனா, நீ ஏணி, நான் மேலேறுறவ" என்று உன்னையே மெச்சிக்கொள்வாய். அதையும் நான் மறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் செத்த அன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுவந்தவள் நீ. கோடி கொண்டுவருகிறவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்து அழ வேண்டும். அதுதான் நம் பக்கத்து முறை. பிறந்த வீடு இருக்கிறது என்று அழுகிறவளுக்கு அப்படித்தான் தெரியும். நீ சேலையை என் மடியில் வைத்தாய். தூணோரம் போய் உட்கார்ந்தாய். ஊருக்கெல்லாம் அழுத வாய், எனக்குத் திறக்கவில்லை. சாவுக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் உன் வாயையே பார்த்திருந்தார்கள். நானும் பார்த்திருந்தேன்.

கருமாதியன்று காக்காய்க்குச் சோறு வைத்தபோது நான் காக்காயிடம் சொன்னேன்: "நீ கூட வாயத் தொறந்து கரையிற. வாயிருந்தும் ஊமையா வந்தவளுக்கு எலை எதுக்கு?"

நீ இலையில் கை வைத்தவள், அப்படியே எழுந்து போய்விட்டாய். செத்தவர் பேருக்குப் போட்ட இலை. நான் காக்காயிடம் சொன்னதற்கு நீ ஏன் எழுந்தாய் என்று இன்றைக்கும் கேட்பேன்.

அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. இலையை விட்டு எழுந்தவள்தான் முதலில் வாய் திறக்க வேண்டும் என்று நான் இருந்தேன். இலையை விட்டு எழுப்பியவள்தான் என்று நீ இருந்தாய். ரேசன் கடை வரிசையில் முன்னும் பின்னும் நின்றால், நீ என் கோழியைத் திட்டுவாய், நான் உன் வெள்ளாட்டைத் திட்டுவேன். "ஏ ஆடே, ஒனக்கென்ன அம்புட்டுத் திமிரு, வளத்தவ வளப்பு அப்படி" என்பேன். அந்த ஆடு இல்லையென்றால் நாம் எப்போதோ செத்திருப்போம், மதினி.

அப்புறம் உனக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை விழுந்தது. பேச்சும் போனது. மற்றவர்கள் சொல்வது எல்லாம் உனக்கு விளங்குகிறது, சொல்லத்தான் ஒன்றும் வரவில்லை என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுபோகும். ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "ஊமைன்னு சொன்னா, ஊமையாவே ஆக்கிப்புட்டா. கருநாக்குக்காரி."

நான் உன்னைப் பார்க்க வரவில்லை. வந்தால், ஆக்கிவிட்டுப் பார்க்க வந்தாள் என்பார்கள். வராததற்கும் பேசினார்கள். ஆனால் படுத்தால் ஒன்றே ஒன்றுதான் நெஞ்சில் உருண்டது. இனி நீ முதலில் வாய் திறக்கவே முடியாது. தூணோரம் ஏன் ஊமையாக உட்கார்ந்தாய் என்பது எனக்குத் தெரியாமலே நம் இருவரில் ஒருத்தி போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் என் மகன் வழிப் பேத்தி கயல், புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறவள், ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வாத்தியார் இல்லாத வகுப்பு. ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து, மூளை பாட்டை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொண்டு படிப்பார்களாம். சனிக்கிழமை மத்தியானம் ஒருத்தி சொல்ல மற்றவர்கள் கேள்வி கேட்பார்களாம்.

"மார்க்கு உண்டா?"

"கெடையாது அப்பத்தா."

"சர்டிபிகேட்டு?"

"அதுவும் கெடையாது."

"பெறகு எதுக்குடி சனிக்கிழமையும் பஸ்ஸுல தொங்கிட்டுப் போற?"

"தெரிஞ்சுக்கிறதுக்கு" என்றாள். அவள் அப்பனும் இப்படித்தான் பதில் சொல்வான்.

அவள் முறை வந்தபோது வீட்டு வாசலில் கோலமாவால் மூளையை வரைந்து எனக்கு முன்னால் சொல்லிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னடி கோலம் இது, ஆட்டுக் குடல் மாதிரி?" என்று கேட்டாள். கயல் சிரிக்கவில்லை. இடது பக்கம் ஒரு வட்டம் போட்டாள். "பெரும்பாலான ஆளுகளுக்குப் பேச்சு இங்கிட்டுதான் அப்பத்தா. இதுல அடிபட்டா சொல்லு வராது. பாட்டு ரெண்டு பக்கமும் ஓடும். அதனால பேச்சு போன சில பேரு, பழகுன பாட்ட எடுத்தா, வார்த்தையோட பாடிருவாங்க. எல்லாருக்கும் வராது. வந்தாலும் பேச்சு திரும்பிரும்னு சொல்ல முடியாது."

கொல்லைக்குப் போகும்போது அந்த வட்டத்தை மிதிக்காமல் தாண்டிப் போனேன். அவள் பார்த்துவிட்டாள்.

என்னிடம் சொல்லாமல், அவளும் அவள் சிநேகிதி ஸ்டெல்லாவும் உன் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்டெல்லா மாதா கோவிலில் கீபோர்டு வாசிக்கிறவள், நல்ல பிள்ளை. உன் காலத்துச் சினிமாப் பாட்டு, தாலாட்டு எல்லாம் வாசித்துப் பார்த்தார்களாம். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாயாம். கயல் முகம் செத்துத் திரும்பி வந்தாள். அடுத்த சனிக்கிழமை வகுப்பில், நாங்கள் தோற்றுவிட்டோம் என்று சொல்லியிருக்கிறாள். தாளத்தைப் பற்றிப் படித்த பிள்ளை ஒருத்தி கேட்டாளாம்: "அந்த ஆத்தா தனியாப் பாடுற ஆளா, கூட்டத்துல பாடுற ஆளா?"

கயல் நேராக அண்ணனிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அண்ணன் சொன்னாராம்: "அவ எங்கத்தா தனியாப் பாடுனா? ஒன் அப்பத்தா அடி எடுத்துக் குடுக்கணும், கையில கை தட்டணும். அப்பத்தான் அவளுக்கு வாயே தொறக்கும்."

சாயங்காலம் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"நீ வந்து எடுத்துக் குடு அப்பத்தா."

"நான் எடுத்தா, நான் மொதல்ல வாயத் தொறந்ததா ஆயிரும்."

"நெசமாவா சொல்ற? அவங்க அங்க கெடக்குறாங்க."

"கெடக்கட்டும். எலைய விட்டு எந்திரிச்சது யாரு?"

அவள் சொன்னாள்: "சரி. பேசாத. பாடு. ரெண்டும் வேற வேற வழின்னுதான் நான் வாசல் பூரா வரைஞ்சு காட்டுனேன். பாட்டு எப்படிப் பேச்சுல சேரும்?"

மதினி, நான் ஐந்தாம் வகுப்புகூட முடிக்கவில்லை. ஆனால் நியாயம் தெரியும். இது நியாயமாகப் பட்டது. சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நீ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பாதியாகிப் போயிருந்தாய். என்னைப் பார்த்ததும் உன் வாய் கோணிக்கொண்டது, சிரிப்பா வசவா என்று தெரியவில்லை. நான் உன்னைப் பார்க்கவில்லை. வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தேன். உன் இடது கையை எடுத்து என் வலது கையில் தட்டினேன். தாளம் பிடிபட்டதும் அடி எடுத்தேன்.

"இருட்டறையில் வளந்த புள்ளே, எங்க கெளம்பி வாரே?"

ஒன்றுமில்லை. மறுபடி தட்டினேன், மறுபடி எடுத்தேன். உன் கை என் கையில் தானாகத் தட்டியது. தொண்டையில் ஏதோ கரகரத்தது.

"...வாரேன்."

அவ்வளவுதான். அடியின் கடைசிச் சொல். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஆட்டைப் பார்த்தபடியே மூன்றாம் தரம் எடுத்தேன். இந்தத் தடவை பின்பாதி முழுசாய் வந்தது: "தாயத் தேடி வாரேன்." அடுத்த வாரம் அடி முழுக்க வந்துவிட்டது.

"தண்ணியில என் பொறந்த வீடு, தாயத் தேடி வாரேன்."

பழைய குரல் இல்லை, ஓட்டைக் குடம்தான். ஆனால் சொல் சொல்லாக இருந்தது. குழாயடியில் என்னைக் கருநாக்குக்காரி என்றவள் திண்டாடிப் போனாள். அது எனக்குச் சந்தோஷம், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்தப் பிள்ளைகள் வாராவாரம் வந்தார்கள். அதே மெட்டில் சின்னச் சின்னச் சொற்களை ஏற்றிக் கொடுத்தார்கள். கயல் தட்டச் சொல்வாள், நான் எடுப்பேன், நீ இழுத்துப் பாடுவாய்: "கஞ்சி வேணும்." "போதும் போதும்." சில நாள் கஞ்சி என்பதற்குக் கதவு என்று வரும். உனக்கே கோபம் வந்து என் கையைப் படார் என்று அடிப்பாய். ஆனாலும் நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நீயும் பேசவில்லை. பாடினோம். அவ்வளவுதான்.

தை கழிந்து ஒரு மத்தியானம். அண்ணன் வயலுக்குப் போயிருந்தார். கயல் மட்டும் இருந்தாள். நான் கை தட்டி, மெட்டு மாறாமல், வேறு அடியை எடுத்தேன்:

"தூணோரம் குந்துனவளே, வாய் தொறக்கல ஏனோ?"

உன் கை என் கையிலேயே நின்றுவிட்டது. கண் நிறைந்தது. நான் ஆட்டைப் பார்க்க மறந்துபோய் உன்னைப் பார்த்தேன். நீ மெட்டைப் பிடிக்க முயன்றாய், பிடிபடவில்லை, மறுபடி முயன்றாய்.

"வரல... வரல..."

சொல்லிவிட்டு அந்த இடது கையைத் தூக்கி உன் தொண்டைக் குழியைப் பிடித்துக் காட்டினாய்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கயல் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அப்பத்தா, மனசுல வச்சுக்காத. இந்த நோவு வந்தவங்களுக்கு ஒரே சொல்லு திரும்பத் திரும்ப வரும். நேத்துக்கூட எதக் கேட்டாலும் 'வரல'ன்னாங்க. ஒனக்குச் சொன்ன பதில்தான்னு நம்மளால அடிச்சுச் சொல்ல முடியாது."

"ஒன் படிப்புக்கு அது சரி. தொண்டையில கை வச்சுக் காட்டுனாளே, அத எந்தப் பக்கத்துல போடுவ?"

"தெரியல அப்பத்தா. சனிக்கிழம கேக்குறேன்" என்றாள். தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்றே சொல்கிற பிள்ளை. அதற்காகவே அந்த வகுப்பு எனக்குப் பிடித்துப்போனது.

பங்குனியில் நீ போய்விட்டாய். நாத்தனார் முறைக்கு நான்தான் முதல் ஒப்பாரி எடுக்க வேண்டும். உன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். ஊரே என் வாயைப் பார்த்தது. அடி எல்லாம் வரிசையாக நெஞ்சுக்குள் நின்றது, மதினி. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. எழுந்து போய்த் தூணோரம் உட்கார்ந்தேன்.

"பாத்தியாடி, இன்னும் வன்மம் போகல" என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். யார் என்று தெரியும். அவளுக்கு வைத்திருக்கிறேன்.

கயல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தொண்டைக் குழியைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அது பதில்தான் அப்பத்தா" என்றாள்.

கோடி கொண்டுவந்து ஊமையாக உட்கார்ந்த கணக்கை அன்றோடு விட்டுவிட்டேன். இலையை விட்டு எழுந்தது வேறு கணக்கு, அதை விட மாட்டேன். நான் அங்கே வந்து சேரும்போது நீதான் முதலில் வாய் திறக்க வேண்டும்.

இன்று நிலைப்படியில் நின்றுகொண்டு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மெதுவாக அடி எடுத்தேன். எங்க கெளம்பி வாரே? பயிர்தான் நின்றது. ஆனால் பதில் அடி, உன் பழைய குரலில், ஒரு சொல் பிசகாமல் கேட்டது. தலைக்குள் இடது பக்கமா வலது பக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. கயலிடம் கேட்கவில்லை. எந்தப் பக்கமானாலும், அங்கேயே இரு.